இரண்டு வருடம் கொழும்பில், மிச்சம் அமெரிக்காவில்: மாறிப்போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஏ.எல். முடித்த பிள்ளைகள் பலர் இப்போது எடுக்கும் வழி இது. முதல் இரண்டு வருடப் பாடங்களைக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் படிப்பார்கள். மிச்ச இரண்டு வருடத்தை அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்து, பட்டத்தையும் அங்கேயே வாங்குவார்கள். செலவு குறைகிறது. பிள்ளை இன்னும் இரண்டு வருடம் கண்முன்னே இருக்கும் என்ற நிம்மதி பெற்றோருக்கு. நல்ல வழிதான், நானும் அப்படித்தான் போனேன். ஆனால் நான்கு செமஸ்டரில் முடிய வேண்டிய படிப்பு எனக்கு ஐந்து செமஸ்டர் ஆனது. அந்த ஒரு செமஸ்டருக்காக வீட்டில் புரட்டிய காசை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே முதல் வருடத்தில் சேரும் பிள்ளைக்கு இடம் பழக ஒரு முழு வருடம் இருக்கிறது. எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, யாரிடம் போய் எதைக் கேட்பது என்று மெல்ல மெல்லப் பிடிபடும். உங்களுக்கு அந்த வருடம் இல்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கொலம்பஸ் வளாகத்தில் மட்டும் ஏறக்குறைய 60,000 மாணவர்கள் படிக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் மூன்றாம் வருடத்துக்குள் நேரே போய் இறங்குகிறீர்கள். அந்த முதல் வருட வேலையைக் கொழும்பில் இருக்கும்போதே, விமானம் ஏறுவதற்கு முந்திய மாதங்களில் செய்து முடிக்க வேண்டும்.

கிரெடிட்டை எண்ணுவது போதாது

ஒவ்வொரு பாடத்தின் அளவையும் கிரெடிட் என்ற அலகில்தான் எண்ணுவார்கள். அமெரிக்கப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் தேவை. அதில் 60 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்ததும், “அக்கா, பாதி முடிந்துவிட்டது” என்று பிள்ளைகள் எனக்கு மெசேஜ் போடுவார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 60-உம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது?

ஒரு கிரெடிட் மூன்று விதமாக உட்காரலாம். உங்கள் பிரதான துறையின் கட்டாயப் பாடமாக, எல்லோரும் படிக்க வேண்டிய பொதுப் பாடமாக, அல்லது வெறும் விருப்பப் பாடமாக. மூன்றாவதில் போய் விழுந்தால் எண்ணிக்கை கூடும், பட்டம் கிட்ட வராது. நான் கொழும்பில் படித்த புள்ளிவிபரவியல் பாடத்தை அங்கே விருப்பப் பாடமாகத்தான் பதிந்திருந்தார்கள். மூன்றாம் வருடத்தின் இரண்டு கட்டாயப் பாடங்களுக்கு அதுதான் வாசல். எனக்கு அது தெரியவந்தது வகுப்புகள் தொடங்கி இரண்டாம் வாரத்தில். கொழும்பில் இருந்து பாடத்திட்டத்தை எடுப்பித்து அனுப்பினேன். பார்த்தவர்கள் மறுப்பில்லாமல் மாற்றித் தந்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த பாடம் ஓகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில் மட்டுமே நடக்கும். சேரும் திகதி முடிந்திருந்தது. ஒரு வருடம் காத்திருந்தேன். என் ஐந்தாவது செமஸ்டரின் கதை அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் அந்தப் பாடம் நடக்கும்போதே வாங்கி வையுங்கள். பாடத்தின் பெயரும் புள்ளியும் மட்டும் உள்ள ஒரு பக்கம் உதவாது. வாரவாரம் என்ன படிப்பித்தார்கள், எந்தப் பாடநூல், எத்தனை மணிநேர ஆய்வுகூடம், பரீட்சைக்கு எத்தனை வீதம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் படிப்பித்தவர் வேறு இடத்துக்கு மாறியிருப்பார், பாடத்திட்டமும் மாறியிருக்கும். அனுமதிக் கடிதம் வந்த பிறகு, உங்கள் துறைக்கான பட்டத் தேவைப் பட்டியலை எடுத்து, ஏற்றுக்கொண்ட பாடங்களை ஒவ்வொன்றாக அதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். எங்கே பிழை தெரிகிறதோ அங்கே பாடத்திட்டத்தை இணைத்து மின்னஞ்சல் போடுங்கள். மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது அங்கே வழமையான விடயம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

இதோடு சேர்ந்த சில விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். சீ தரத்துக்குக் கீழே எடுத்த பாடங்களைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பல இடங்களில் கிரெடிட் வரும், ஆனால் கொழும்பில் எடுத்த ஜி.பி.ஏ. (புள்ளிகளின் சராசரி) அதோடு சேர்ந்து வராது. அங்கே அது புதிதாகத் தொடங்கும். சில பல்கலைக்கழகங்கள் செமஸ்டரில் இல்லாமல், அதைவிடக் குறுகிய தவணையான குவார்ட்டரில் ஓடுகின்றன. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. அப்படித்தான். அங்கே 60 செமஸ்டர் கிரெடிட் 90 ஆகத் தெரியும், பட்டத்துக்கு வேண்டியதும் 180 ஆகிவிடும். கணக்கு ஒன்றுதான், தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைப்பதும் நீங்கள் விரும்பும் துறையில் அனுமதி கிடைப்பதும் ஒன்றல்ல. கணினி விஞ்ஞானம், தாதியியல், வணிகம் போன்றவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. கடிதத்தில் எந்தத் துறை என்று எழுதியிருக்கிறது என்பதை இரண்டு தரம் வாசியுங்கள்.

எல்லா இலகுவான பாடங்களையும் இங்கேயே முடிக்க வேண்டாம்

இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். பொதுப் பாடங்களை எல்லாம் கொழும்பில் குறைந்த செலவில் முடித்துவிட்டால் லாபம்தானே என்பார்கள். காசுக் கணக்கில் சரி. ஆனால் அங்கே போனதும் எடுக்க மிச்சமிருப்பது எல்லாம் மூன்றாம் வருடக் கடினப் பாடங்கள் மட்டுமே. எஃப்-1 என்ற மாணவர் வீசாவில் போகும் இளமாணி மாணவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். புது ஊர், புதுக் குளிர், பெரிய வகுப்பு, அதோடு நான்கு கடினப் பாடம். மாறிப்போகும் மாணவர்களின் புள்ளி முதல் செமஸ்டரில் இறங்குவது அங்கே நன்றாகத் தெரிந்த விடயம், அதற்கு டிரான்ஸ்ஃபர் ஷாக் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்குவதால் அந்த இறக்கம் அப்படியே பதிவில் நிற்கும். ஒன்றிரண்டு பொதுப் பாடங்களை முதல் செமஸ்டருக்கு என்று மிச்சம் வையுங்கள். முதல் தடவை 12 முதல் 14 கிரெடிட் போதும்.

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள்

இதைச் சின்ன விடயம் என்று எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள். தடுப்பூசிப் பதிவு முழுமையாக இல்லாவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் பாடங்களுக்குப் பதிவு செய்யவே விடாமல் கணக்கைப் பூட்டி வைப்பார்கள். பொதுவாகக் கேட்பது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தடவை. நம் நாட்டில் எம்.எம்.ஆர். தேசியத் தடுப்பூசி அட்டவணைக்குள் வந்தது 2011-இல்தான். அதற்குச் சில வருடங்கள் முன்பு பிறந்தவர்கள் பலரின் அட்டையில் சின்னமுத்தும் ருபெல்லாவும் இருக்கும், கூகைக்கட்டு இருக்காது. அம்மா அலுமாரியில் பத்திரப்படுத்திய அந்தப் பழைய அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். இரண்டு ஊசிக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். பயணத்துக்கு முதல் வாரம் ஓடினால் ஒன்றும் செய்ய முடியாது.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். நமக்குப் பிறந்தவுடனேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், தோலில் செய்யும் பரிசோதனை நோய் இல்லாவிட்டாலும் இருப்பதாகக் காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது. பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முதலே கேட்டுவிட்டு அதையே செய்யுங்கள்.

பதிவு நேரமும் காசும்

பாடப் பதிவுக்கு உங்களுக்கென்று ஒரு நேரம் தருவார்கள். அது அவர்களின் நேரம். கோடைக் காலத்தில் கலிஃபோர்னியாவில் காலை 8 மணி என்றால் கொழும்பில் அன்றிரவு 8.30, நியூயோர்க்கில் காலை 8 என்றால் இங்கே மாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவதால் இன்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போகும். நல்ல வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆசைப்படும் பாடத்தோடு, இடம் கிடைக்காவிட்டால் எடுக்க இன்னும் இரண்டு பாடங்களையும் தெரிந்து வையுங்கள்.

வெளிநாட்டுக்குக் கட்டணம் அனுப்ப வங்கியில் மாணவர் கோப்பு திறக்கும் வேலையை, ஐ-20 (வீசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) கைக்கு வந்த அன்றே தொடங்குங்கள். அனுமதிக் கடிதம், கட்டணப் பட்டியல், கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், கட்டணத் திகதியோ காத்திருக்காது. வெளிநாட்டு மாணவர்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்க அரசின் சீவிஸ் முறைமைக்கான கட்டணம் 350 டொலர், அது வீசாக் கட்டணத்துக்குப் புறம்பானது. வகுப்பு தொடங்கும் திகதிக்கு 30 நாளுக்கு மேல் முந்தி நாட்டுக்குள் விட மாட்டார்கள், டிக்கெட் போடும்போது கவனியுங்கள். வளாக விடுதியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. அதனால் வெளியில் அறை தேட வேண்டி வரும். நேரில் அல்லது வீடியோவில் பார்க்காத அறைக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

திரும்பி வந்து அரச வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்று வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் போகுமுன்பே கேட்டுவிடுங்கள்.

போய் இறங்கிய முதல் மாதம்

பெரிய வேலைவாய்ப்புக் கண்காட்சிகள் பல இடங்களில் செப்டெம்பரிலேயே நடக்கும். நீங்கள் கட்டிலும் போர்வையும் வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. சுயவிபரக் கோவையை இங்கிருந்தே தயாராகக் கொண்டு போங்கள். துறை சார்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி ஒரு முழுக் கல்வியாண்டு அங்கே படித்த பிறகுதான் பொதுவாகக் கிடைக்கும். எனவே உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கோடை விடுமுறை, அதற்கான விண்ணப்பம் இந்தச் செப்டெம்பரில் தொடங்குகிறது.

பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்கியிருப்பார்கள். முந்நூறு பேர் இருக்கும் வகுப்பில் அங்கே வந்து கதவைத் தட்டுபவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. நம் பிள்ளைகள் மரியாதையால் தயங்கி நிற்பார்கள், நானும் நின்றேன். மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கும் காலம் உங்களுக்கு ஒரு வருடத்திலேயே வந்துவிடும். அப்போது உங்கள் முகம் தெரிந்த இரண்டு பேராவது இருக்க வேண்டும். இரண்டாம் வாரமே ஒரு சந்தேகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.