பழைய அம்பாசிடரைப் புதுக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே மாதம் வரை தயாரித்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே தழுவியது. அரசு அலுவலக வாசல்களிலும் வாடகைக் கார் நிறுத்தங்களிலும் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற அந்த வண்டியை, இப்போது ஆசையோடு தேடி வாங்கி, இன்றைய சாலைக்கும் இன்றைய கண்ணுக்கும் ஏற்றபடி மாற்றுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். வளைவில் படகு போலச் சாயக் கூடாது, மிதித்த இடத்தில் நிற்க வேண்டும், சற்றே தாழ்ந்து அகன்ற சக்கரங்களோடு மிடுக்காகத் தெரிய வேண்டும் என்ற விருப்பத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் வேலையின் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பெயின்டிலும் அலாய் சக்கரத்திலும் தொடங்கி, அடுத்து அன்ஜினுக்குப் போய், பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் கடைசிக்கு வைக்கிறார்கள். அந்தக் கடைசி வருவதற்குள் கையிருப்புத் தீர்ந்துவிடுகிறது.

தேய்மானத்தை வடிவமைப்பின் குறை என்று எடுத்துக்கொள்வதே எல்லாத் தவறுகளுக்கும் முந்தையது. அம்பாசிடரின் ஸ்டீயரிங் தொளதொளவென்று இருக்கும் என்பது பலரும் சொல்லும் பழி. ஆனால் அந்தக் காரில் இருப்பது இன்றைய கார்களிலும் உள்ள ரேக் அண்ட் பினியன் வகை ஸ்டீயரிங்தான். அது நல்ல நிலையில் இருந்தால் சக்கரத்தின் போக்கைக் கைக்குத் தெளிவாகச் சொல்லும். முப்பது நாற்பது ஆண்டு ஓடி, மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கல்லாக இறுகி அல்லது பொடியாகி, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகள் தேய்ந்து, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வற்றிப்போன வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதன் சஸ்பென்ஷனே சரியில்லை, வேறு காரின் சஸ்பென்ஷனைப் போட்டுவிடலாம்" என்று முடிவெடுப்பது, கண்ணாடியைத் துடைக்காமல் கண்ணைக் குறை சொல்வது போன்றது.

சோதிப்பது கடினமில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தின் 12, 6 ஆகிய இடங்களில் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். மிதித்தவுடன் ஆட்டம் மறைந்தால் அது சக்கரப் பேரிங்கின் ஆட்டம்; மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் தேய்மானம் இருக்கிறது. 9, 3 ஆகிய இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராடு முனையின் நிலை தெரியும். இவற்றைச் சரிசெய்து, புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) பார்த்து, ஒரு மாதம் ஓட்டிய பிறகே மேற்கொண்டு என்ன வேண்டும் என்று யோசிப்பது நல்லது. பலருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

அடுத்தது வண்டியைத் தாழ்த்தும் ஆசை. இங்கேதான் பட்டறைகளில் அதிகச் சேதம் நடக்கிறது. அம்பாசிடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. அந்தத் தண்டின் பிடிப்பை நகர்த்தினால் முன்பக்கம் தாழும் என்பது உண்மை. ஆனால் தண்டின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. பிடிப்பை எங்கே நகர்த்தினாலும் அது மாறாது. ஆகவே வண்டி தாழ்கிறதே தவிர விறைப்பு கூடுவதில்லை. சக்கரம் மேலேற இருந்த இடம் மட்டும் குறைகிறது. முன்பு பள்ளத்தை விழுங்கிய அதே சஸ்பென்ஷன், இப்போது பாதி வழியிலேயே தடுப்பு ரப்பரில் மோதி முதுகெலும்பைக் கேட்கிறது. தண்டை நெருப்பில் காட்டித் தளர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். பதம் போன எஃகு எந்தப் பள்ளத்தில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பின்பக்கத்தில் அடுக்குப் பட்டை ஸ்பிரிங். இரண்டு பட்டைகளை உருவிவிட்டால் வண்டி தாழும் என்று செய்கிறார்கள். தாழத்தான் செய்கிறது, கூடவே ஸ்பிரிங்கும் மெலிந்துவிடுகிறது. வளைவில் சாயக் கூடாது என்று தொடங்கிய வேலை அதிகமாகச் சாய்வதில் போய் முடிகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்த அமைப்பில் பட்டை எடையை மட்டும் தாங்கவில்லை, பின் அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்திருப்பதும் அதே பட்டைதான். அதை மெலியவிட்டு மேலே வலுவான அன்ஜினையும் ஏற்றினால், கிளட்ச்சை விடும்போது பட்டை எஸ் வடிவில் நெளிந்து அச்சு துள்ளும். தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால், ஸ்பிரிங் பட்டறையில் பட்டைகளின் வளைவைக் குறைத்து முறையாக மீண்டும் பதமேற்றி வாங்குவதே வழி. அதுவும் மிதமாக. நம் ஊர் வேகத்தடைகள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாதவை. ஐந்து பேர் ஏறிய அம்பாசிடரின் வயிறு தரையில் உரசும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறுமுறை தாழ்த்த மாட்டார்.

உயரத்தை மாற்றிய பின் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டுவதும், பார்க்கும்போது பழைய கையேட்டின் அளவுகளையே கண்ணை மூடிக்கொண்டு வைப்பதும் இதனோடு சேர்ந்த தவறுகள். இந்தக் காரின் மூல வடிவமைப்பு, உள்ளிழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய கிராஸ்பிளை டயர் காலத்தைச் சேர்ந்தது. இன்றைய ரேடியல் டயரின் பக்கச்சுவர் வேறு விதமாக நெளிவதால், கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பெரும்பாலும் நேர்க்கோட்டில் நிலைத்து ஓடும். ஓர் அச்சில் ரேடியலும் மற்றொன்றில் கிராஸ்பிளையுமாகக் கலந்து போடுவது வெறும் அபாயம்.

ஷாக் அப்சார்பரில் ஒரு நுட்பம் உண்டு. மாரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களின் முன்பக்கத்தில் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரின் கையே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் வடிவ ஷாக் அப்சார்பரை மாட்டலாம் என்று நினைப்பவர், சக்கரத்தைத் தாங்கும் உறுப்பையே கழற்றுகிறார் என்பதை உணர்வதில்லை. உங்கள் வண்டியில் அது எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கீழே படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும்.

அமெரிக்கப் படங்களைக் காட்டி "இதே போல் செய்து கொடு" என்று கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே இந்தக் கலையின் செல்லப்பிள்ளைகளில் ஒன்று 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 பிக்கப். அதற்குத் தனி இரும்புச் சட்டம் (சேஸி) உண்டு, உடல் அதன் மேல் அமர்ந்திருக்கிறது. ஆகவே முன் சஸ்பென்ஷன் முழுவதையும் கழற்றி, அந்தச் சட்டத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்த புதிய தொகுதியைப் போல்ட்டால் இறுக்கிவிட முடிகிறது. அப்படியிருந்தும் அங்கே தவறு நடக்காமல் இல்லை. சி10-ஐத் தாழ்த்துகிறவர்கள், பின் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குத் தண்டின் நீளத்தைச் சரிசெய்ய மறந்தால், வண்டி தாழும் அளவுக்கு அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு சக்கரம் உள்ளேயும் மற்றது வெளியேயும் நிற்கும். அம்பாசிடருக்கோ தனிச் சட்டமே கிடையாது. தரை, பக்கவாட்டு விளிம்பு, தூண், கூரை எல்லாம் சேர்ந்த கூடுதான் அதன் எலும்பு. அந்தக் கூட்டின் மெல்லிய தகட்டில் வேறொரு காரின் சஸ்பென்ஷனை வெல்டு வைத்துப் பொருத்தினால், வெல்டுக்குப் பக்கத்திலேயே தகடு விரிசல் விடும். கூரையை வெட்டித் திறந்த காராக்குவதும் இதே காரணத்தால் கெட்ட யோசனை. கீழே போதிய வலுவூட்டாமல் வெட்டிய காரில், சில மாதங்களில் கதவு சரியாக மூட மறுக்கும்.

சக்கரத்துக்கு வருவோம். பெரிய அலாய் சக்கரம் கடையில் அழகாக இருக்கும். அதன் துளைகள் பொருந்துகின்றனவா என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அதை இறுக்கும் முகம் தள்ளியிருக்கும் அளவு) தவறினால் சக்கரம் வெளியே துருத்தி, பேரிங்கின் மேல் நெம்புகோல் போல அழுத்தும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் திருப்புவதே உடற்பயிற்சியாகிவிடும். இதோடு சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் வளையத்தையும் மாட்டிவிட்டு, கை வலிக்கிறது என்று புலம்புவதில் பயனில்லை. டயரின் மொத்த விட்டத்தையும் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 165/80 ஆர்15 (மில்லிமீட்டரில் அகலம், அந்த அகலத்தின் சதவீதமாகப் பக்கச்சுவர் உயரம், அங்குலத்தில் ரிம் விட்டம்) டயரின் விட்டம் ஏறக்குறைய 645 மில்லிமீட்டர். 215/60 ஆர்17 டயரின் விட்டம் 690. வித்தியாசம் ஏழு சதவீதம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் போய்க்கொண்டிருக்கும், அன்ஜினோ எப்போதும் ஒரு கியர் கூடுதலாகப் போட்டதுபோல் திணறும். 205/50 ஆர்17 போட்டால் விட்டம் 637, ஏறத்தாழப் பழைய அளவே. ஆனால் வண்டியில் ஆள் ஏற்றி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இரு பக்கமும் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்க்காமல் எந்த அளவையும் வாங்கக் கூடாது. பழைய கையிருப்பு டயர் மலிவாகக் கிடைத்தால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2314 என்றிருந்தால் அது 2014-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது, டயரின் வரிப்பள்ளம் முழுதாக இருந்தாலும் வேண்டாம்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது இங்கே எளிது. டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே முன்பக்கக் கட்டையைத் தன்னோடு இழுத்து அழுத்தத்தைப் பெருக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. எனவே டிஸ்க்கை மட்டும் பொருத்திவிட்டு, மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் வைக்காமல், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் திரவத்துக்குக் கொடுக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவைத்தால், முன்னைவிடக் கடினமாக மிதித்து முன்னைவிடத் தாமதமாக நிற்கும் வண்டிதான் கிடைக்கும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறு அழுத்தம் எப்போதும் நிற்கும்படி ஒரு வால்வு இருப்பதுண்டு. டிஸ்க்கோடு சேர்ந்தால் அது டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடை விடாமல் உரசவைத்துச் சூடேற்றும். முன்பக்கம் டிஸ்க்காகிவிட்டால் முன், பின் விகிதத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்; மழையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்று என்பதால், ஒரு குழாய் வெடித்தால் மிதி வெறுமனே தரைக்குப் போகும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவது, என் கணக்கில், டிஸ்க்கைவிட முந்திச் செய்ய வேண்டிய வேலை. அம்பாசிடரின் பிற்காலப் பதிப்புகளில் முன் சக்கர டிஸ்க் பிரேக் வந்தது. வேறு நிறுவனக் காரின் உறுப்பை லேத்தில் கடைந்து பொருத்துவதைவிட அந்தத் தொகுதி முழுவதையும் தேடிப் பிடிப்பது பாதுகாப்பு.

அன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய 1489 சி.சி. அன்ஜினுக்குப் பதிலாக, அம்பாசிடரிலேயே 1990-களில் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் அன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றப்பட்ட வண்டிகள் இன்றும் இனிமையாக ஓடுகின்றன. தொழிற்சாலையே கணக்குப் பார்த்துச் செய்த மாற்றம் அது. கனமான டீசல் அன்ஜினை எங்கிருந்தோ எடுத்து ஏற்றும்போது மூக்குப் பகுதியின் எடை கூடி, மேலே சொன்ன டார்ஷன் பார், பிரேக், ஸ்டீயரிங் எல்லாக் கணக்குகளும் கலைந்துபோகின்றன. ரேடியேட்டரை மாற்றாமல் ஏசி வைப்பதும் இதே வகைதான்; சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது அது தெரிந்துவிடும்.

மின் வேலையில், நாற்பது ஆண்டுப் பழைய ஒயரிலும் சுவிட்சிலும் வலுவான விளக்கையும் ஹார்னையும் ரிலே (அதிக மின்னோட்டத்தைத் தான் ஏற்று சுவிட்சைக் காக்கும் சாதனம்) இல்லாமல் இணைப்பதே தீப்பிடிப்பதற்கான நேர்வழி. லூகாஸ் மின்சாதனம் கொண்ட சில பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களில் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் ஸ்டீரியோவை மாட்டினால் முதல் நாளே புகை வரும்.

தகட்டு வேலையில் ஒரே எச்சரிக்கை: துருவை வெட்டி எடுக்காமல் பட்டி பூசி மறைக்காதீர்கள். மறைத்த துரு, மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் இருந்தாலும், இரண்டு மழைக்காலத்தில் கொப்புளமாக வெளியே வரும். புதிய சீட் பெல்ட்டின் போல்ட்டு அப்படிப்பட்ட தரையில் இறங்கியிருந்தால் பெல்ட் வெறும் அலங்காரம்.

சட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றாலும், பட்டறைக்குப் போகும் முன் படிக்க வேண்டியது அதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அன்ஜினையோ நிறத்தையோ மாற்றுவதென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். 50 ஆண்டு கடந்த வண்டி வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 2021-இல் வந்த விதிகள், மூல வடிவில் பெரிய மாற்றமின்றிப் பேணப்பட்ட வண்டிகளையே விண்டேஜ் வாகனம் என்று ஏற்கின்றன. 1970-ஆம் ஆண்டு அம்பாசிடரின் தகட்டை வெட்டி அகலச் சக்கரம் நுழைத்தவர் அந்தத் தகுதியையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார். அதனால் போல்ட்டால் மாட்டி, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்து, கழற்றிய உறுப்புகளை எந்தப் பக்கத்துக்குரியவை என்று சீட்டு ஒட்டி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, வண்டி நிற்கும் கொட்டகையிலேயே பரணில் போட்டு வையுங்கள்.