வணிகப்பெயரைப் பார்க்காதீர்கள், பிரிவு எண்ணைப் பாருங்கள்: பூச்சிமருந்தைச் சரியாகத் தெளிக்கும் முறை

மூன்று பெயரில் மூன்று டப்பா வாங்கி மாற்றி மாற்றி அடித்தும் பூச்சி சாகவில்லையா? மூன்றையும் அருகருகே வைத்து லேபிளைப் படியுங்கள். மூன்றிலும் ஒரே மருந்து இருக்கலாம். ஒரு மூலக்கூறின் காப்புரிமை பொதுவாக 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் பதிவு பெற்ற எந்த நிறுவனமும் அதைத் தயாரித்துத் தன் பெயரில் விற்கலாம். பெரிய எழுத்தில் இருப்பது வணிகப்பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் "இமிடாகுளோபிரிட் 17.8% எஸ்.எல்." என்பதுபோல் இருப்பதுதான் உண்மையான மருந்து, அதாவது செயல்படு பொருள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிரிவு எண். மருந்து பூச்சியின் உடலில் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை அந்த எண் சொல்லும். கார்பமேட் 1ஏ, ஆர்கனோபாஸ்பரஸ் 1பி, பைரித்ராய்டு 3ஏ, நியோநிகோட்டினாய்டு 4ஏ, ஸ்பினோசின் 5, டயமைடு 28. பூச்சிகள் மருந்துக்குப் பழகிப்போவதைத் தடுக்க 1984இல் உருவான ஐ.ஆர்.ஏ.சி. என்ற அமைப்பு இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. லேபிளில் எண் இல்லாவிட்டால் செயல்படு பொருளின் பெயரை வைத்து அதில் தேடலாம். பூஞ்சாணக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் எண் வரிசை வேறு, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு இந்தத் தொழிலின் வரலாறே பதில் சொல்கிறது. டி.டி.டி. என்ற ரசாயனம் பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். அதற்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கைக்கு வருமுன்பே டி.டி.டி.க்குச் சாகாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. 1970களில் பைரித்ராய்டுகள் புதிய தலைமுறையாக வந்தன. ஆனால் அவை தாக்குவதும் டி.டி.டி. தாக்கிய அதே நரம்புச் சோடியம் வாயிலைத்தான் (நரம்புக்குள் சோடியம் நுழையும் கதவு). அந்தக் கதவு ஏற்கெனவே உருமாறியிருந்த பூச்சிக்குப் புது மருந்து பாதி பழகிய மருந்துதான். மூலக்கூறு மாறினால் போதாது, தாக்கும் இடமும் மாற வேண்டும்.

எனவே பிரிவுகளை மாற்றி மாற்றி அடிக்கும் சுழற்சியை இப்படி அமையுங்கள். பூச்சியின் ஒரு தலைமுறைக் காலத்தை, ஏறத்தாழ 30 நாளை, ஒரு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் அடித்த பிரிவை அடுத்த கட்டத்தில் தொடாதீர்கள். லாம்ப்டா சைஹலோத்ரினுக்குப் பிறகு சைபர்மெத்ரின் அடிப்பது சுழற்சி ஆகாது, இரண்டும் 3ஏ. இரண்டு மருந்து சேர்ந்த ரெடிமேட் கலவை என்றால் இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கணக்கு தவறுவது இங்கேதான்.

இனி அளவு. லேபிள் ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று சொல்கிறது, நாம் டேங்குக்கு ஒரு மூடி என்று ஊற்றுகிறோம். இரண்டையும் இணைக்க உங்கள் தெளிப்பானையும் உங்கள் நடையையும் அளந்தாக வேண்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தைக் குறியிடுங்கள். டேங்கில் வெறும் தண்ணீரை ஒரு கோடு வரை நிரப்பி, வழக்கமான வேகத்தில் நடந்து அந்த இடத்தில் தெளியுங்கள். மறுபடி அதே கோட்டுக்கு நிரப்ப எத்தனை லிட்டர் ஆகிறது என்று அளவுகுவளையால் பாருங்கள். 5 லிட்டர் ஆனால் ஏக்கருக்கு (சுமார் 4,000 சதுர மீட்டர்) 200 லிட்டர். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க். லேபிள் ஏக்கருக்கு 100 மில்லி சொன்னால் டேங்குக்கு 8 மில்லி.

இதையே இன்னொருவர் மெதுவாக நடந்து 7.5 லிட்டர் செலவழித்தால் ஏக்கருக்கு 300 லிட்டர் போகும். அவரும் டேங்குக்கு 8 மில்லியே ஊற்றினால் மொத்தம் 150 மில்லி, ஒன்றரை மடங்கு. பயிர் கருகுவதற்கும் விளைபொருளில் எச்சம் தங்குவதற்கும் இது ஒன்றே போதும். ஆள் மாறினாலோ, நாசில் (தெளிப்பு முனை) மாறினாலோ, பயிர் உயர்ந்தாலோ மறுபடி அளக்க வேண்டும். நாசிலையும் சோதியுங்கள்: புதியதைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகம் வெளியேற்றினால் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அடைத்துக்கொண்டால் மென்மையான பிரஷ் போதும். வாயால் ஊதக் கூடாது. பூச்சிமருந்துக்குக் குழிவான கூம்பு நாசில், களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில்.

கலக்கும்போது டேங்கில் பாதித் தண்ணீர் நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் தூளும் குருணையும் (டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி.), நன்றாகக் கலக்கியபின் எஸ்.சி. (நுண்தூள் மிதக்கும் திரவம்), அதன்பின் ஈ.சி. (எண்ணெய் போன்ற திரவம்), பிறகு எஸ்.எல். (தண்ணீரில் கரையும் திரவம்), கடைசியில் ஒட்டும் திரவம். ஈ.சி.யை முதலில் ஊற்றினால் தூளின் மேல் எண்ணெய் படிந்து கட்டி கட்டியாகி நாசிலை அடைக்கும். இரண்டு மருந்து சேருமா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, சூடானாலோ, அடியில் கெட்டியாகப் படிந்தாலோ சேர்க்காதீர்கள். காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் பல ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் சிதைந்துவிடும். கலந்ததை அன்றே அடித்து முடிப்பதுதான் நல்லது.

அதிக ஆபத்து வயலில் இல்லை, டப்பாவைத் திறக்கும் நேரத்தில் இருக்கிறது. கையில் இருப்பது தண்ணீர் கலக்காத மருந்து. நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அப்போது கட்டாயம். காலியான டப்பாவில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி 30 நொடி குலுக்கி டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படிக் கழுவியபின் டப்பாவில் ஓட்டை போடுங்கள். தேனீக்கள் பூவில் இருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள். பலத்த காற்று மட்டுமல்ல, இலைகூட அசையாத விடிகாலையும் சிக்கல்தான்; நுண்துளி கீழே இறங்காமல் மிதந்து எங்கோ போய்ப் படியும்.

மூன்றாம் நாள் வயலுக்குப் போய் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சில மருந்துகளில் புழு உடனே சாகாது, தின்பதை நிறுத்திவிடும். புதுக் கடி இருக்கிறதா என்பதே கேள்வி. புதுக் கடி இருந்தால் மருந்து அடிப்பக்கம் பட்டதா, அளவு சரியா, தெளித்தபின் மழை பெய்ததா, புழு முற்றிய பருவமா என்று வரிசையாகச் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அடுத்தடுத்த செடிகளில் புழு உயிரோடு இருந்தால், அதே பிரிவை அளவு கூட்டி மறுபடி அடிக்காமல், குறித்து வைத்த எண்களைப் பார்த்து வேறு பிரிவுக்குப் போங்கள்.