வாட் வரி எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்: நகல் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சில்லறைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் குழு ஒன்றில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களின் நிரலை வாசித்து ஒப்புதல் தருவது என் வேலையில் பாதி. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், கோயம்புத்தூரிலிருந்து விசா வாங்கிக்கொண்டும் வருகிறார்கள். எந்த ஊரானாலும் முதல் சில மாதங்களில் செய்கிற காரியம் ஒன்றுதான். வேறொரு கோப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நாற்பது வரி நிரலை எடுத்து ஒட்டி, இரண்டு பெயரை மாற்றி, "அக்கா, ஓடுது" என்று அனுப்பிவிடுவார்கள். ஓடத்தான் செய்யும். ஓடுகிற நிரலைத்தானே எடுத்தார்கள்? அந்த வயதில் நானும் இதையே செய்தவள் என்பதால் திட்ட வாய் வருவதில்லை. எரிச்சல் மட்டும் வருகிறது.

நகலெடுத்த அன்றைக்கு எந்தச் செலவும் இல்லை, அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. வெளியே ஏதாவது ஒரு விதி மாறும், அன்றைக்குத்தான் அந்த நாற்பது வரி எத்தனை இடத்தில் எத்தனை வேஷத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

உரிமம் பார்க்காமல் இணையத்திலிருந்து எடுப்பது, புரியாததை ஒட்டுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தப்பு என்று செய்கிறவருக்கே தெரியும்.

கடைசி வரியை வாசிக்காமல் விடுவது

ஒரே மாதிரி நான்கு வரி ஒட்டினால் பிழை பெரும்பாலும் நான்காவதில் உட்கார்ந்திருக்கும். பிவிஎஸ்-ஸ்டுடியோ என்ற பிழை தேடும் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரே கார்ப்போவ் பல திறந்த மூலத் திட்டங்களில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கீழிருந்து மேலாக வாசியுங்கள்.

விதியை நகலெடுத்து, உருவத்தை மாற்றிவிடுவது

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் கடுப்பாக இருக்கிறது.

2018 பிப்ரவரி 21 அன்று நிதியமைச்சர் மலுசி கிகாபா தன் பட்ஜெட் உரையில், தென்னாப்பிரிக்காவின் வாட் வரி (மதிப்புக் கூட்டு வரி) 14 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் ஆகிறது என்று அறிவித்தார். 1993 முதல் அசையாமல் கிடந்த விகிதம் அது. ஏப்ரல் 1 முதல் அமல். அன்றைக்கு ஈஸ்டர் ஞாயிறு, கடைகளில் கூட்டம் அலைமோதும் வாரக்கடைசி. நடுவில் இருந்தது ஐந்து வாரமும் சில நாட்களும்.

ஓர் எண்ணைத் தேடி மாற்றுவதில் என்ன பெரிய வேலை என்று தோன்றும். 14 என்று தேடிப் பாருங்கள். பொருளைத் திருப்பித் தர 14 நாள் கெடு, 14 புள்ளி எழுத்தளவு, அட்டைப்பெட்டியின் 14 இலக்க பார்கோடு எல்லாம் வந்து விழும். வாட் அதற்குள் எங்கேயோ கிடக்கும். சரி, 0.14 என்று தேடலாம். கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நம் கடைகளில் அலமாரியில் போட்டிருப்பது வரி சேர்ந்த விலை. அதிலிருந்து வரியைப் பிரிக்கும் இடத்தில் 0.14 வராது, 14-ஐ 114-ஆல் வகுத்த பின்னம்தான் வரும். அதை ஒருவர் பின்னமாகவே எழுதியிருந்தார். இன்னொருவர் விலையை 1.14-ஆல் வகுத்து, கிடைத்ததை விலையிலிருந்து கழித்திருந்தார். மூன்றாமவர் கால்குலேட்டரில் தட்டி 0.122807 என்று நேராகப் போட்டிருந்தார். நான்காமவர், மகராசன், வகுத்தலைவிடப் பெருக்கல் வேகம் என்று எங்கோ படித்துவிட்டு 0.877193-ஆல் பெருக்கியிருந்தார். ஒன்றை 1.14-ஆல் வகுத்தால் வருகிற எண் அது. இதைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இதற்கு மேல் டேட்டாபேஸுக்குள் இருந்த ப்ரொசீஜர்கள் தனி. ரசீதின் அடியில் வாட் 14% என்று வெறும் எழுத்தாக அடித்து வைத்தது தனி.

கோப்புகளின் வரலாற்றைத் தோண்டியபோது தெரிந்தது, இவை எல்லாமே ஒரே ஃபங்ஷனின் பிள்ளைகள். முதலில் எழுதியவர் பின்னமாக ஒழுங்காக எழுதியிருக்கிறார். எடுத்து ஒட்டிய ஒவ்வொருவரும் தன் பங்குக்கு அழகுபடுத்தியிருக்கிறார்கள். என் எரிச்சல் நகலெடுத்ததில் இல்லை, இந்த அழகுபடுத்தலில்தான். அச்சு அசலாக ஒட்டி விட்டிருந்தால் ஒரே தேடலில் எல்லாம் அகப்பட்டிருக்கும். "நான் காப்பி அடிக்கலை அக்கா, மாத்தித்தான் எழுதினேன்" என்று சொல்லும் தம்பிகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். நிரல் வரிகளை மாற்றிவிட்டீர்கள், விதியை மாற்றவில்லை. ஒரே விதி இரண்டு இடத்தில் இருந்தால் அது நகல்தான். உருவம் மாறிய நகல் கண்ணுக்கும் தெரியாது, தேடலுக்கும் சிக்காது.

ஈஸ்டர் முடிந்தது. டில்லில் (கடையில் பணம் வாங்கும் மெஷினில்) எல்லாம் 15 ஆகிவிட்டது, நிம்மதி என்று இருந்தோம். வெருலத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "என்னம்மா, உங்க மெஷின் கவர்மெண்டுக்கு ஒரு கணக்கு சொல்லுது, எனக்கு ஒரு கணக்கு சொல்லுது." மாதாந்திர வரி அறிக்கையில் அந்த 0.122807 இன்னும் உயிரோடு இருந்தது. 100 ராண்டுக்கு வாட் 13.04 என்று வர வேண்டிய இடத்தில் 12.28 வந்துகொண்டிருந்தது. வித்தியாசம் 76 சென்ட். ஒரு பில்லில் யார் கண்ணிலும் படாது. அவர் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் கூட்டி வைப்பவர், அதனால் பிடித்தார்.

எல்லா 14-ஐயும் கண்டுபிடித்து 15 ஆக்கினால் மட்டும் தப்பிக்க முடியுமா என்றால் அதுவும் இல்லை. மார்ச்சில் வாங்கிய இஸ்திரிப் பெட்டியை ஏப்ரலில் ஒருவர் திருப்பிக் கொண்டுவருகிறார். அதற்கான கிரெடிட் நோட்டில் 14 சதவீதம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் விற்றபோது வசூலித்தது அதுதான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றியவர்கள் வாங்காத வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாட் விகிதம் மாறாத எண் இல்லை. ஒரு தேதியையும் ஒரு பொருளையும் கொடுத்துக் கேட்டால் வருகிற பதில் அது. பிரவுன் பிரெட், அரிசி, சோள மாவு, பால், முட்டை போன்றவற்றுக்குப் பூஜ்ய விகிதம். அந்தப் பட்டியலும் மாறும். 2019 ஏப்ரல் 1 முதல் வெள்ளை பிரெட் மாவு, கேக் மாவு, சானிட்டரி நாப்கின் ஆகியவை அதில் சேர்ந்தன. டில்லில் ஒரு பட்டியல், அறிக்கையில் இன்னொரு பட்டியல் என்று வைத்திருந்தவர்களுக்கு மறுபடியும் அதே கூத்து.

வேண்டியதெல்லாம் ஒரு சின்ன அட்டவணை. எந்தத் தேதியிலிருந்து, எந்த வகைப் பொருளுக்கு, எத்தனை சதவீதம். அதைக் கேட்டுச் சொல்ல ஒரே ஒரு ஃபங்ஷன். மற்ற எல்லாரும் அதனிடம்தான் போய்க் கேட்க வேண்டும், வரியைப் பிரிக்கும் கணக்கு உட்பட.

2025-இல் இது நன்றாகவே சோதிக்கப்பட்டது. மார்ச் 12 அன்று நிதியமைச்சர் எனோக் கொடொங்வானா, மே 1 முதல் 15.5 சதவீதம் என்று பட்ஜெட்டில் சொன்னார். ஏப்ரல் 24 அன்று, இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, அந்த உயர்வு கைவிடப்பட்டது. அட்டவணை வைத்திருந்தவர்கள் அதில் ஒரு வரிசையைச் சேர்த்தார்கள், அப்புறம் அந்த வரிசையை எடுத்தார்கள். எண்ணை இறைத்து வைத்திருந்தவர்கள் இரண்டு திசையிலும் ஓடியிருப்பார்கள். டேட்டாபேஸில் விகிதத்தை முழு எண்ணாகச் சேமித்தவர்களின் நிலைமை இன்னும் மோசம், அரை சதவீதம் உள்ளே நுழையவே நுழையாது.

ஒரு பக்கைச் (பிழையைச்) சரிசெய்ததும் டிக்கெட்டை மூடுவது

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரியவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை நினைவிருக்கும். இணைய இணைப்புகளைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில், எதிர்முனை அனுப்பும் ஒரு செய்தியில் சொல்லப்படும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதால், சர்வரின் நினைவகத்தில் இருப்பது துண்டு துண்டாகக் கசிந்தது. அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. அந்தச் செய்தியைக் கையாளும் ஃபங்ஷன் இரண்டு கோப்புகளில் இருந்தது. ஒன்று வழக்கமான பாதுகாப்பு இணைப்பான டிஎல்எஸ்ஸுக்கு, மற்றது அதன் இன்னொரு வடிவமான டிடிஎல்எஸ்ஸுக்கு. உடல் கிட்டத்தட்ட ஒன்றே, ஓட்டையும் ஒன்றே. திருத்தம் வந்தபோது இரண்டு கோப்பையும் சேர்த்தே திருத்தினார்கள்.

நம் பிள்ளைகள் புகார் வந்த கோப்பை மட்டும் திருத்திவிட்டு டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே பக் வேறு கடையிலிருந்து வேறு எண்ணில் வரும், வேறு ஆள் முதலிலிருந்து தேடுவார். ஒரு பக்கைத் திருத்தியதும் அந்த வரிகளில் இருக்கிற விசித்திரமான ஏதாவது ஒன்றை எடுத்துத் தேடுங்கள். வேரியபிள் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒட்டியவர் முதலில் மாற்றுவது அதைத்தான். பிழைச் செய்தியின் வாசகம், எழுத்துப்பிழையோடு கூடிய கமெண்ட், வழக்கத்துக்கு மாறான எண் ஆகியவற்றை யாரும் மாற்றுவதில்லை. ஒரு சொல் எந்தக் கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) நுழைந்தது என்று காட்டும் வசதி, நிரலின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) கருவியிலேயே இருக்கிறது. எழுத்துப்பிழைகள் எனக்குப் பலமுறை உதவியிருக்கின்றன, எழுதியவர்களுக்கு நன்றி.

வித்தியாசத்துக்குக் காரணம் எழுதாமல் விடுவது

இந்த நாட்டு அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அதில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். கடைசி இலக்கம் லூன் முறையில் சரிபார்க்க. எண் சரியா என்று பார்க்கும் நிரல் பிரவுசரில் ஒன்று, சர்வரில் ஒன்று, அறிக்கையில் ஒன்று என்று கிடக்கும். 06 என்று தொடங்கினால் 1906-ஆ, 2006-ஆ? ஒவ்வொரு நகலும் தனக்கென்று ஒரு எல்லைக்கோடு வைத்திருக்கும். ஒரு நகலில் எல்லை 05, அதுவரை 2000-கள், அதைத் தாண்டினால் 1900-கள். விளைவு, 2006-இல் பிறந்த கல்லூரிப் பெண் நூறு தாண்டிய பாட்டியாகி முதியோர் தள்ளுபடி வாங்கிக்கொண்டு போனாள். அவள் புகார் செய்யவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் திருத்த உட்கார்ந்தால் சிரிப்பு வராது. மூன்று நகல், மூன்று எல்லைக்கோடு. வேண்டுமென்றே வைத்த வித்தியாசமா, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்ததா? எழுதியவர் கேப்டவுனுக்குப் போய் வேறு வேலையில் இருக்கிறார். தெரியாததால் யாரும் தொடுவதில்லை, தொடாததால் நான்காவது நகல் பிறக்கிறது. வேறு வழியே இல்லாமல் நகலெடுத்தால், எங்கிருந்து எடுத்தது, எதை ஏன் மாற்றியது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

பழையதைக் கமெண்டில் போட்டு வைப்பது

அழியுங்கள். கிட் எதற்கு இருக்கிறது?

ஒன்றுபோல் தெரிவதையெல்லாம் ஒன்றாக்குவது

மேலே உள்ளதை வாசித்துவிட்டு வேகமாகக் கிளம்புகிறவர்களுக்கு இது. 5 சென்ட் நாணயம் அச்சிடுவது 2012-இல் நின்றுவிட்டது. அதனால் ரொக்கம் கொடுத்தால் மொத்தத்தை 10 சென்டுக்குக் கீழே இறக்கி வாங்குவது பல கடைகளின் வழக்கம். 47.98 ராண்ட் என்றால் 47.90. அட்டையில் கொடுத்தால் முழுத் தொகை. வரிக் கணக்கிலும் கிரெடிட் நோட்டிலும் முழுமையாக்கல் உண்டு, அது சென்டுக்கு. ஒரு தம்பி மூன்றையும் பார்த்தான், மூன்றும் பெருக்கி வகுத்து முழுமையாக்குகிற ஐந்து வரி. ஒன்றாக்கிவிட்டான். அப்புறம் ரொக்கமா என்று கேட்க ஒரு ஆம்-இல்லை அளவுரு சேர்த்தான், வரிக்கு இன்னொன்று, கிரெடிட் நோட்டுக்கு மூன்றாவது. இப்போது அந்த ஃபங்ஷனை அழைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டும் ஒரே காரணத்துக்காக, ஒரே நாளில் மாறுமா? வாட் விகிதம் மாறும். நாணயம் அச்சிடுவது வேறு ஆட்கள் முடிவு செய்வது, வேறு நாளில் மாறும். அவை தற்செயலாக ஒத்திருக்கின்றன, தனித்தனியாகவே இருக்கட்டும். இப்படித் தவறாக ஒன்றாக்கியதை மறுபடி பிரிப்பது நகல்களைத் தேடுவதைவிடக் கஷ்டம் என்பது என் அனுபவம். சந்தேகமாக இருந்தால் மூன்றாவது இடம் வரும்வரை பொறுங்கள்.

சதவீதத்தைத் துரத்துவது

பிஎம்டி-யோடு வரும் சிபிடி, சோனார்கியூப், ஜெஎஸ்சிபிடி என்று நகலைத் தேடித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஓட்டுங்கள், பயன்படும். ஆனால் அவை வரிகளையும் சொற்களின் வரிசையையும்தான் ஒப்பிடுகின்றன. 0.122807-ம் 14/114-ம் ஒரே விதி என்று எந்தக் கருவியும் எனக்குச் சொன்னதில்லை. நகல் விழுக்காடு மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது என்று கேக் வெட்டாதீர்கள்.

டெஸ்டிலும் அதே கணக்கை ஒட்டுவது

வாட் கணக்குக்கு டெஸ்ட் எழுதச் சொன்னால், நிரலில் இருக்கிற சூத்திரத்தையே டெஸ்டிலும் ஒட்டி, இரண்டும் சமமா என்று கேட்கிறார்கள். சூத்திரம் தப்பாக இருந்தாலும் பச்சை விளக்குதான் எரியும். எதிர்பார்க்கும் விடையைக் கையால் போட்டு எண்ணாக எழுதுங்கள். 2018 மார்ச் 31-இல் 114 ராண்டுக்கு 14, மறுநாள் 115 ராண்டுக்கு 15, ஒரு பிரவுன் பிரெட்டுக்கு இரண்டு நாளும் பூஜ்யம்.