பழைய செங்கல்லையும் மரத்தையும் மீட்டு வீட்டைப் புதுப்பிப்பது எப்படி?

வரைபடம் போட்டு முடித்துவிட்டுப் பழைய பொருள்களைத் தேடினால் எதுவும் பொருந்தாது. கையில் இருக்கும் பழைய கதவு நிலையின் அளவுக்குச் சுவரில் வாசல் விடுவது சுலபம். வாசலின் அளவுக்கு நிலையை அறுத்தால் மரமும் வீணாகும், மூட்டும் பலமிழக்கும். அதனால் முதலில் வீட்டில் எது எது தேறும் என்று எண்ணி அளந்து எழுதுங்கள். கதவின் உயரம், அகலம், கனம், எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை குறித்துக்கொண்ட பிறகு வரைபடத்துக்குப் போகலாம்.

கட்டிய வரிசைக்கு நேர் எதிராகப் பிரிக்க வேண்டும். மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்துவிட்டு, கதவு ஜன்னல்கள், அடுத்து கூரையின் ஓடுகளும் சட்டங்களும், கடைசியில் சுவர். பாரம் தாங்கும் சுவர் எது என்று பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்கவோ துளை போடவோ கூடாது, மறுபடி பயன்படுத்தவும் கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதை அகற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

செங்கல் தேறுமா என்பது அதைக் கட்டிய கலவையைப் பொறுத்தது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. கொத்துச் சுத்தியலின் தட்டைப் பக்கத்தால் பக்கவாட்டில் தட்டினாலே பாளமாகக் கழன்று விழும். கெட்டியான சிமென்ட் கலவை பல சமயம் கல்லைவிட உறுதியாக இருக்கும்; தட்டினால் கலவை நிற்கும், கல் உடையும். அப்படிப்பட்ட சுவரில் முழுக்கல்லை எதிர்பார்க்காதீர்கள், உடைசலை நிரப்பு வேலைக்கு ஒதுக்குங்கள். ஒட்டியிருக்கும் காரையை அமிலம் ஊற்றிக் கழுவுவது தவறு. அமிலத்தால் உண்டாகும் உப்பு கல்லுக்குள் இறங்கி, பிறகு சுவரில் வெள்ளையாகப் பூக்கும்.

சுத்தம் செய்த கல்லை நான்கு விதமாகச் சோதியுங்கள். இரண்டு கற்களை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக்கூடாது. காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள்: 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் கூடினால் அது அரைவேக்காட்டுக் கல். பழைய வீடுகளில் உள்தடுப்புச் சுவருக்கு இப்படி வேகாத கல்லை வைத்திருப்பது உண்டு. அதை மழை படும் வெளிச்சுவரில் வைத்தால் உதிரும். உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கட்டும்.

பழைய கல்லின் துளைகளில் காரைத் தூசி அடைத்திருக்கும். கழுவாமல் வைத்தால் புதுக் கலவை பிடிக்காது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, குமிழி அடங்கும் வரை ஊறவைத்து, மேலே நிற்கும் தண்ணீர் வடிந்த பிறகு வையுங்கள். கலவையைக் கல்லைவிடப் பலமாகப் போடாதீர்கள். ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் போதும். சுவர் சற்று அசைந்தாலும் விரிசல் இணைப்பிலேயே ஓடும், கல் தப்பிக்கும். இன்னொரு நாள் அதே கல்லை மறுபடியும் எடுக்கலாம். ஒரே சுவரில் அளவு மாறிய கற்களைக் கலந்தால் வரிசை மட்டம் கெடும்.

மரத்தில் முதல் எதிரி ஆணி. தலை துருப்பிடித்து உதிர்ந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. இழைப்பதற்கு முன் பலகை முழுக்கக் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள், இல்லையென்றால் இழைப்புளியின் அலகு போய்விடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்கவோ தீயால் எரிக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, சுரண்டலைப் பையில் கட்டிவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. வண்டுத் துளைகளையும் உற்றுப் பாருங்கள். துளையின் ஓரம் வெளுப்பாக இருந்து அடியில் புதிய மாவு கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. ஓரம் கறுத்துத் தூசி படிந்திருந்தால் அநேகமாகப் பழைய துளை. பூச்சியைக் கொல்லப் பூசும் போராக்ஸ் கரைசல் பெயின்ட் நீக்கிய வெறும் மரத்தில்தான் இறங்கும். மழையில் கரைந்துவிடும் என்பதால் அது காய்ந்ததும் மேலே பெயின்டோ வார்னிஷோ அடியுங்கள்.

பழையது எல்லாமே மிச்சம் ஆகிவிடாது. மின்கம்பி, சுவிட்சு இரண்டையும் திரும்ப மாட்டாதீர்கள். வளைத்து நிமிர்த்திய இரும்புக் கம்பியைத் தூணிலும் உத்திரத்திலும் போடாதீர்கள். ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் இழுக்கும் பழைய கழிவறைத் தொட்டியை வைத்துக்கொள்வதைவிட, 3 அல்லது 6 லிட்டரில் முடிக்கும் புதியதே நல்லது. உடைத்த கான்கிரீட்டைத் தரைக்கு அடியில் நிரப்பலாம். ஜிப்சம் பூச்சுத் துண்டுகள் மட்டும் அதில் கலக்கவே கூடாது. ஈரம் பட்டால் அதன் சல்ஃபேட் மேலே போட்ட கான்கிரீட்டை அரித்துவிடும்.

எடுத்ததைக் கெடாமல் வைப்பதும் வேலையின் பாதி. செங்கல்லை மண்ணில் அடுக்கினால் ஈரத்தோடு உப்பும் ஏறும். பலகை மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். மரப் பலகைகளுக்கு இடையே 25 மில்லிமீட்டர் கனமுள்ள குச்சிகளை அரை மீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம். எல்லா அடுக்கிலும் குச்சிகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வரவேண்டும், விலகினால் பலகை வளைந்துவிடும்.