வாசிப்பு வேகத்துக்கு ஒரு வரைபடத் தாள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களின் தமிழ் வாசிப்பை வகுப்புச் சராசரியோடு ஒப்பிடாதீர்கள். ஆளுக்கொரு கோட்டு வரைபடம் போடுங்கள்.

வரைபடத் தாளில் கிடையாக வாரம், செங்குத்தாக ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்கள். வெள்ளிதோறும் அதே அளவு கடினமுள்ள புதுப் பத்தி ஒன்று. பழைய பத்தியையே கொடுத்தால் மனப்பாடம்தான் ஏறும். 60 சொல் படித்து 8 தவறினால் 52-இல் புள்ளி. பிள்ளை வராத வாரத்துக்கு 0 வைக்கவே கூடாது, கோடு பள்ளத்தில் விழுந்து நம்மை ஏமாற்றும். அந்த இடத்தை வெற்றாக விடுங்கள்.

ஒரு வாரச் சரிவுக்குக் கலங்க வேண்டாம். தொடர்ந்து 4 புள்ளிகள் ஏறாமல் படுத்தே கிடந்தால் சொல்லித்தரும் முறையை மாற்றுங்கள். மாற்றிய வாரத்தில் பென்சிலால் நெட்டாக ஒரு கோடு கிழித்து, என்ன மாற்றினீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தாள் சுவரில் வேண்டாம், பிள்ளையின் நோட்டுக்குள் இருக்கட்டும்.