டிக்கெட் போடும்போதே நடந்துவிடும் பயணத் தவறுகள்

பயணத் தவறுகள் என்றாலே பர்ஸ் பத்திரம், குடிநீர் பத்திரம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் ஒரு பயணத்தையே வீணாக்கும் தவறுகள் பெரும்பாலும் கிளம்புவதற்குப் பல வாரங்கள் முன்பே, விமான டிக்கெட் எடுக்கும் நேரத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. கட்டணம் குறைவாக இருக்கும் தேதியில் டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம்தான் அந்த இடம் அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று தேடுகிறோம். கட்டணம் ஏன் குறைந்தது என்பதற்கான பதில் பல சமயம் அந்தத் தேடலில்தான் இருக்கும்.

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் இருக்கும் விக்டோரியா அருவியைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஜாம்பெசி ஆறு பொங்கி வரும். சாரல் திரைபோல எழும்பி அருவியையே மறைத்துவிடும், நனைந்ததுதான் மிச்சம் என்று திரும்புகிறவர்கள் உண்டு. அக்டோபர், நவம்பரில் நிலைமை நேர்மாறு. ஜாம்பியா பக்கத்தில் பெரும்பகுதி வெறும் பாறைச் சுவராக நிற்கும், ஜிம்பாப்வே பக்கத்தில்தான் தண்ணீர் விழும். ஆகவே எந்த மாதம் போகிறோம் என்பதை வைத்துத்தான் எந்தக் கரையில் தங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்தவர் இரு நாடுகளுக்கும் நடுவில் இருக்கும் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் அந்த விசா அத்தோடு தீர்ந்தது. இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து காசா (KAZA) என்ற விசா இருக்கிறது. எல்லா நாட்டவருக்கும் கிடைக்காது, உங்களுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பொலிவியாவின் உயுனி உப்புவெளியும் இப்படித்தான். வானம் தரையில் பிரதிபலிக்கும் அந்தப் புகைப்படம் மழைக்காலத்துக்கு உரியது, ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூலையில் போனால் வறண்ட வெள்ளைத் தரையும் அறுகோணக் கோலங்களும்தான். எனக்கு அதுவே பிடிக்கும், ஆனால் கண்ணாடித் தரையை நம்பிப் போனவருக்கு ஏமாற்றம். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கோ, கள்ளிகள் நிறைந்த இன்காவாசித் திட்டுக்குத் தண்ணீரால் வண்டி போக முடியாமல் போகலாம். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைப்பது அரிது.

மாதம் சரியாக அமைந்தாலும் கிழமை காலை வாரிவிடும். தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வாடிகன் அருங்காட்சியகங்கள் ஞாயிறு திறப்பதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்று அன்றைக்குப் போய் நிற்பது தனித் தவறு, அந்தக் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது.

சில இடங்களில் நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும். ஸ்பெயினின் கிரனாடாவில் இருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டை வளாகத்தில் நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் குறித்த நேரத்தில் போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். தோட்டத்தில் மெய்மறந்து நின்று அந்த நேரத்தைத் தவறவிட்டால், பார்க்க வந்ததே பறிபோகும். ஆம்ஸ்டர்டாமின் ஆன் பிராங்க் இல்லத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஆறு வாரத்துக்குப் பிறகான தேதிகளுக்கு ஒவ்வொரு செவ்வாயும் இணையத்தில் விடுவார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட இடம் பட்டியலில் இருந்தால் அதன் டிக்கெட்டை வைத்து மற்ற நாட்களை அமையுங்கள்.

அடுத்தது உயரம். பெரு நாட்டின் மச்சு பிச்சு போகிறவர்கள் பலரும் அந்த மலையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அது சுமார் 2,430 மீட்டர். உண்மையில் மூச்சு வாங்க வைப்பது குஸ்கோ நகரம், அது சுமார் 3,400 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து விமானத்தில் நேராக அங்கே இறங்கி, அன்றைக்கே படிக்கட்டுகளில் ஏறி இறங்கினால் இரவில் தலைவலியும் குமட்டலும் வரும். இறங்கியதும் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவது நல்லது. அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒயான்டாய்டாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். அங்கே தங்கி, மச்சு பிச்சுவை முடித்து, கடைசியில் குஸ்கோவுக்கு வந்தால் உடம்பு பழகியிருக்கும். மதுவை முதல் இரண்டு நாள் தள்ளிவையுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் சமாளிக்கப் பார்க்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கணக்கு வேறு மாதிரி தவறும். அங்கே முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். ஏறுவதற்கு இறங்கியதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கீழே போகப்போக வெயிலும் கூடும். ஒரே நாளில் கீழே ஓடும் கொலராடோ ஆற்றங்கரை வரை இறங்கித் திரும்பாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

விமான நிலையத்தின் பெயரை நம்புவதும் தவறு. பாரிஸ் என்று விற்கப்படும் போவே நிலையம் நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல். டோக்கியோவின் நரிட்டா சுமார் 60 கிலோமீட்டர். நள்ளிரவில் இறங்கினால் மிச்சம் பிடித்த கட்டணம் டாக்ஸிக்கே போய்விடும்.

ஆவண விஷயத்தில் அதிகம் சறுக்குவது இடைநிலை நாட்டில்தான். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போனாலும் அங்கே குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும், அதற்குரிய அனுமதியும் வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட்டில் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியை எடுக்க நாட்டுக்குள் நுழைந்து திரும்ப வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு அது பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஜப்பானில் தடை. கோடீன் கலந்த மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. மின்சிகரெட்டைச் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் கொண்டுபோகவே கூடாது.

கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று மெஷின் கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே சொல்லுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

கடைசியாக ஒன்று. தீவுகளைப் பயணத்தின் முடிவில் வைக்காதீர்கள். கிரேக்கத் தீவுகளில் கோடையில் மெல்டெமி காற்று பலமாக வீசினால் படகுகள் ஓடாது. ஊர் திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், அதற்கு முந்தைய இரவு ஏதென்ஸிலேயே தங்கும்படி திட்டமிடுங்கள். படகு சரியாக ஓடினால் அந்த மாலையில் அங்கே குன்றின்மேல் இருக்கும் பழங்கால அக்ரோபோலிஸ் பார்த்துக்கொள்ளலாம்.