கூண்டைக் கண்டாலே நடுங்கிய நாய்: என் அனுபவம்

தற்காலிகமாக வளர்க்க எடுத்துவந்த நாட்டு நாய், ரொம்பப் பயந்த சுபாவம். வெளியே கூட்டிப்போனால் வண்டிச் சத்தத்துக்கு மிரண்டு சிறுநீரை அடக்கி வைத்துக்கொள்ளும், வீட்டுக்குள் நுழைந்ததும் மிதியடியில் போய்விடும். கூண்டில் விட்டாலோ மூச்சிரைப்பு, எச்சில், கம்பியைக் கடிப்பது. மேலே போர்வை போட்டுப் பார்த்தேன், கறித்துண்டு வைத்துப் பார்த்தேன். முன்கால்களை மட்டும் உள்ளே வைத்து எட்டிக் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

அப்புறம்தான் தரையோடு குனிந்து கவனித்தேன். அது கால் வைக்கும்போதெல்லாம் அடியில் உள்ள தகரத் தட்டு கம்பியில் மோதி டங்கென்று சத்தம். தட்டுக்கு அடியில் பழைய யோகா பாயை வெட்டிப் போட்டேன், சத்தம் நின்றது. கதவைத் திறந்தே வைத்து சாப்பாடு முழுக்க உள்ளேயே கொடுத்து, அது தானாகப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் சாத்தினேன், அதுவும் முதலில் சில நொடிகள்தான்.

அடுத்து, வீட்டுக்குள் சிறுநீர் போவதை நிறுத்த மிதியடியைத் தூக்கிவிட்டேன். பினாயிலை விட்டு, சிறுநீர்க் கறையையே சிதைக்கும் என்சைம் கிளீனருக்கு மாறினேன்; பினாயில் போட்டால் சிறுநீர் வாடை மறைவது நம் மூக்குக்குத்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் வண்டி வராத பின்பக்க மண்தரைக்குக் கூட்டிப்போய், அதன் சிறுநீரில் நனைந்த செய்தித்தாளை அங்கே போட்டேன். மோப்பம் பிடித்தது, அங்கேயே சிறுநீர் போனது. தின்பண்டம் அங்கேயே, உடனே; வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது.